சென்னை – சான் பிரான்சிஸ்கோ: எந்த வழியாகப் போனால் சீக்கிரம் சேரலாம்?

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் 13,900 கி.மீ. என்று ஓர் எண் வரும். கூடவே பயண நேரம் பதினாறு மணி சொச்சம் என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் கணக்குப்படி சரிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு டிக்கெட் போட முடியாது. ஏனென்றால் அந்த 13,900 கி.மீ. கோட்டில் எந்தப் பயணி விமானமும் பறப்பதில்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவின் எந்த ஊருக்கும் நேரடி விமானம் கிடையாது. எங்கேயாவது ஒரு இடத்தில் இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். கேள்வி, எங்கே இறங்குவது என்பதுதான்.

முதலில் அந்தக் கற்பனைக் கோட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், சுவாரசியமாக இருக்கிறது. உலக வரைபடத்தை விரித்து வைத்துப் பார்க்கிறவருக்கு அமெரிக்கா மேற்கே இருக்கிறது, ஐரோப்பாவைத் தாண்டி அட்லாண்டிக்கைக் கடந்து போகவேண்டும் என்றுதான் தோன்றும். பூமி உருண்டை என்பதால் குறுக்குவழி வேறு. சென்னையில் கிளம்பி வடக்கே, சற்றே கிழக்காகச் சாய்ந்து, வங்கக் கடலோரமாக ஏறி, நேபாளத்தில் கிட்டத்தட்ட எவரெஸ்ட் சிகரத்துக்குப் பக்கத்தில் நுழைந்து, திபெத், மங்கோலியா, சைபீரியா என்று போய், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, அலாஸ்கா வழியாக இறங்கி, அமெரிக்க மேற்குக் கரையைத் தொட்டபடி சான் பிரான்சிஸ்கோ. நூலைப் பிடித்து உருண்டையில் வைத்துப் பார்த்தால் இதுதான் வரும். ஐரோப்பாவோ அட்லாண்டிக்கோ கிட்டேகூட வராது.

இந்த வழியில் ஏன் போவதில்லை? திபெத் பீடபூமி முதல் காரணம். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் பைலட் உடனே 10,000 அடி உயரத்துக்கு இறக்கவேண்டும், ஆக்சிஜன் முகமூடி கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். திபெத்தில் தரையே 14,000, 15,000 அடியில் இருக்கிறது, எங்கே இறக்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அப்புறம் ரஷ்யா. 2022-க்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியில் பறக்க முடியாது, ஏர் இந்தியாவும் வளைகுடா நிறுவனங்களும் பறக்கலாம். அப்படிப் பறப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் இருக்கும் மகதான் என்ற சின்ன ஊரில் இறங்க நேர்ந்தது. 216 பயணிகள், மாற்று விமானம் வந்து சேரும்வரை அங்கேயே கிடந்தார்கள். அது எப்போதாவது நடப்பது, அதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் குறுக்குவழி என்றால் அதன் அடியில் இருக்கும் ஊர்களும் சேர்ந்துதான் வரும்.

தூரத்தையும் நேரத்தையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2016-ல் நடந்தது. ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் அதுவரை மேற்கு நோக்கி அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அக்டோபரில் கிழக்கு நோக்கித் திருப்பி பசிபிக் வழியாக ஓட்டினார்கள். தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடி 15,300 கி.மீ. ஆனது. நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்து, முதல் விமானம் பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது. காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் இருக்கிறது, குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே வட பசிபிக்கின் மேல் அது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வேகம் எடுக்கும், சில நாட்களில் 300-ஐயும் தாண்டும். பின்னாலிருந்து அது தள்ளினால் தூரம் ஒரு பொருட்டே இல்லை, எதிரே அடித்தால் அதே தூரம் இரண்டு மணி நேரம் நீளும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம். கீழே நான் சொல்லும் தூரமெல்லாம் விமான நிலையத்துக்கு விமான நிலையம் நேர்க்கணக்கு. உண்மையில் பறப்பது சில நூறு கி.மீ. கூடுதலாகத்தான் இருக்கும். நேரங்கள் அட்டவணையில் போடும் தோராயமான நேரங்கள், பருவத்துக்குப் பருவம் அரை மணி அப்படி இப்படி மாறும்.

டெல்லி வழி தூரத்தில் எல்லாவற்றையும்விடக் குறைவு. சென்னை – டெல்லி 1,760, அங்கிருந்து 12,370, மொத்தம் 14,130 கி.மீ. கற்பனைக் கோட்டைவிட 200 சொச்சம்தான் அதிகம். பறக்கும் நேரம் சுமார் 19 மணி. காகிதத்தில் இதுதான் ஜெயிக்கவேண்டும். ஆனால் டெல்லியில் சில தொல்லைகள் உண்டு. டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்தில் சென்னையிலிருந்து போகும் விமானம் தாமதமானால் மொத்தத் திட்டமும் ஆடிப்போகும். திரும்பி வரும்போது இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் இரண்டும் டெல்லியிலேயே முடித்து, பெட்டிகளை எடுத்து மறுபடி உள்நாட்டு விமானத்துக்குக் கொடுக்கவேண்டும். பதினாறு மணி நேரம் உட்கார்ந்து வந்த பிறகு நாலு பெட்டியைத் தள்ளிக்கொண்டு அது ஒரு வேலை. இன்னொன்று, 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து வட அமெரிக்கா போகவர இருக்கும் சில ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிப் போகவும், நடுவில் எரிபொருள் போட இறங்கவும் நேர்ந்திருக்கிறது. டிக்கெட்டில் 'நேரடி' என்று போட்டிருந்தாலும் நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெங்களூரு? 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு நேரடி சேவையைத் தொடங்கியபோது பெரிய செய்தி, முதல் விமானத்தை முழுக்கப் பெண் பைலட்டுகளே வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள். சேவை பிறகு நின்றது, மறுபடி வந்தது. ஓடுகிற காலத்திலும், சென்னைக்காரர் சாமான் செட்டோடு ரயிலேறி, ஊருக்கு வெகு வெளியே, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு முழு நாள் போய்விடும். வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு வேண்டுமானால் சரிவரும்.

ஹாங்காங் வழியைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது ஆச்சரியம். சென்னை – ஹாங்காங் 3,700, ஹாங்காங் – சான் பிரான்சிஸ்கோ 11,100, மொத்தம் 14,800 கி.மீ. வெளிநாட்டில் மாறிப் போகும் வழிகளில் நான் பார்த்தவரை இதுதான் மிகக் குறைவு. முதல் பயணம் ஐந்தரை மணி, இரண்டாவது பன்னிரண்டரையிலிருந்து பதின்மூன்று. பறக்கும் நேரம் 18, 18½ மணி, டெல்லி வழியைவிடத் தூரம் கூட, நேரம் குறைச்சல், ஏனென்றால் இரண்டு பயணமும் கிழக்கு நோக்கி, காற்றோடு. ஹாங்காங் விமான நிறுவனமான கத்தே பசிபிக், கோவிட் காலத்தில் நிறுத்தியிருந்த சென்னை சேவையை 2024 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது. சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுவதால் மதியம் ஹாங்காங்கில் ஏறினால் அதே நாள் காலையில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவீர்கள். கிளம்பின நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று வாட்ஸ்அப்பில் போட ஒரு வாய்ப்பு. குறை என்று பார்த்தால், தினமும் விமானம் இருக்கிறதா என்று அந்தந்தப் பருவ அட்டவணையில் பார்க்கவேண்டும், சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்தே ஆகவேண்டும்.

சிங்கப்பூர் நமக்குப் பழகின ஊர், ஏர்போர்ட்டில் தமிழ் காதில் விழும், சாங்கியில் நடப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஆனால் தெற்கே இறங்கிவிட்டு மறுபடி வடக்கே ஏறுகிறீர்கள்: 2,900-மும் 13,600-மும் சேர்ந்து 16,500 கி.மீ. போகும்போது நாலே கால் மணியும் பதினைந்தரை மணியும். திரும்பும்போது அதே 13,600 கி.மீ. பதினேழு மணி, குளிர்காலத்தில் அதற்கும் மேல். ஒரே தூரம், இரண்டு நேரம். காற்றின் வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

துபாய், தோஹா. பெரும்பாலோர் போவது இந்த வழியில்தான், காரணமும் இருக்கிறது: சென்னையிலிருந்து நிறைய விமானங்கள், திருச்சி, கொச்சி, திருவனந்தபுரம் பக்கத்திலிருந்தும் வளைகுடாவுக்கு எளிதாகப் போகலாம், சாப்பாடு நம் நாக்குக்கு ஒத்துவரும், பெட்டி விஷயத்திலும் வசதி. சென்னை – துபாய் 2,930, துபாய் – சான் பிரான்சிஸ்கோ 13,040, மொத்தம் 15,970 கி.மீ. பறக்கும் நேரம் இருபது மணி சொச்சம். துபாயிலிருந்து விமானம் நேரே வடக்கே ஏறி, துருவப் பகுதியை ஒட்டிப் போய், கனடா வழியாக இறங்கும். காற்று குறுக்கேதான் அடிக்கும் என்பதால் போவதற்கும் வருவதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டும் பதினாறு மணிக்குக் கொஞ்சம் முன்பின். பிரச்சினை அந்தப் பதினாறு மணி நேரம்தான். நாலு மணி நேரம் தூங்காமல் நடு இரவில் பறந்து, துபாயில் இறங்கி நடந்து, அப்புறம் பதினாறு மணி நேரம் ஒரே இருக்கையில். முட்டி வலி இருக்கிறவர்களுக்கும் கால் வீங்குகிறவர்களுக்கும் இது கஷ்டம். வேறொன்றும் நினைவில் வைக்கவேண்டும்: 2024 ஏப்ரல் மழையில் துபாய் ஏர்போர்ட் ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள், 2025 ஜூனில் ஈரான் – இஸ்ரேல் சண்டையின்போது வளைகுடா வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டு, அதன் விளைவு பல நாட்கள் இழுத்தது. செய்தியைப் பார்த்துவிட்டுப் போடவேண்டிய வழி.

லண்டன் அல்லது ஃபிராங்க்ஃபர்ட் தூரத்தில் கடைசி. லண்டன் வழி 8,230-மும் 8,620-மும் சேர்த்து 16,850. ஃபிராங்க்ஃபர்ட் வழி ஏறத்தாழ 16,740. பறக்கும் நேரம் இருபத்தொன்றரை, இருபத்திரண்டு மணி. போகும்போது இரண்டு பயணமும் காற்றுக்கு எதிரே. எண்களைப் பார்த்தால் யாரும் இதைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். ஆனால் இங்கே பயணம் பத்து, பதினொன்று என்று கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிகிறது, அது சின்ன விஷயமில்லை. பத்து மணி நேரப் பயணத்தில் ஒரு சாப்பாடு, ஒரு நல்ல தூக்கம், ஒரு டிபன், இறங்கிவிடலாம். இரண்டு மணி நேரம் கால் நீட்டி நடந்துவிட்டு மறுபடி அதே மாதிரி. நாலும் பதினாறும் என்று பிரியும் பயணத்தில் அந்த நாலு மணியில் தூங்கவும் முடியாது, பதினாறில் தூங்கி எழுந்து பார்த்தாலும் இன்னும் ஒன்பது மணி நேரம் பாக்கி இருக்கும்.

இப்போது எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூரத்தில் டெல்லிக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் 2,700 கி.மீ. பறக்கும் நேரத்தில், மிக வேகமான ஹாங்காங்குக்கும் மிக மெதுவான லண்டனுக்கும் வித்தியாசம் மூன்றரை மணி. அவ்வளவுதான். டிக்கெட் தேடும்போது நடுவில் காத்திருக்கும் நேரம் ஒன்றேகால் மணியிலிருந்து பதினாலு மணி வரை வருகிறதே, அதன் முன்னால் இந்த மூன்றரை மணி எம்மாத்திரம்? அதனால் தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம். முதலில் பார்க்கவேண்டியது நடுவில் எவ்வளவு நேரம் என்பது, அடுத்தது பயணம் எப்படிப் பிரிகிறது என்பது. கி.மீ. எல்லாம் மூன்றாவது.

காத்திருக்கும் நேரம் இரண்டரையிலிருந்து நாலு மணி வரை இருந்தால் நல்லது. ஒன்றரை மணிக்குக் குறைந்தால் நான் போடமாட்டேன். நிறுவனமே அந்த இணைப்பை விற்கிறது, சட்டப்படி போதும் என்பார்கள், சரி, ஆனால் முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் ஓடவேண்டியது நீங்கள்தான். அமெரிக்கா போகும் விமானங்களுக்குச் சில ஊர்களில் கேட் பக்கத்தில் இன்னொரு முறை பாதுகாப்புச் சோதனை, கேள்விகள் எல்லாம் இருக்கும், அதற்கும் நேரம் வேண்டும். எட்டு மணிக்கு மேல் போனால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசிக்கவேண்டும். ஏர்போர்ட் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து மிச்சம் பிடிக்கும் பணத்தில் பாதி அங்கேயே காபிக்கும் சாண்ட்விச்சுக்கும் போய்விடும்.

அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு மாற்றம் வைக்கும் டிக்கெட்டுகள் (நியூவார்க், சிகாகோ மாதிரி இடங்களில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் சான் பிரான்சிஸ்கோ) சில சமயம் மலிவாக வரும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. வரிசை எவ்வளவு நீளம் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி இறக்கம் சான் பிரான்சிஸ்கோவாகவே இருக்கட்டும், வெளியே வந்தால் வீடு.

இரண்டு தனித்தனி டிக்கெட்டாக, சென்னை – சிங்கப்பூர் ஒன்று, சிங்கப்பூர் – சான் பிரான்சிஸ்கோ வேறொன்று என்று சேர்த்துப் போட்டால் மலிவு என்று சொல்கிறவர்கள் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலையே இல்லை, புது டிக்கெட் உங்கள் செலவில். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பரவாயில்லை.

திரும்பி வரும் பயணத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும், பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ஹாங்காங் வழியின் சிறப்பு போகும்போது மட்டும்தான். வரும்போது சான் பிரான்சிஸ்கோ – ஹாங்காங் பதினாலரை, பதினைந்து மணி ஆகிவிடும், மொத்தம் இருபதரை. லண்டன் வழியோ வரும்போது காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு பத்தரையும் பத்துமாக அதே இருபதரைக்கு வந்துவிடுகிறது. துபாய் வழி அதற்கும் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் போகும்போது ஹாங்காங், வரும்போது லண்டன் என்று கிழக்கு நோக்கியே உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாமே? முடியும். கத்தே பசிபிக், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் மூன்றும் ஒரே கூட்டணியில் இருக்கின்றன, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, ஏர் இந்தியா மூன்றும் இன்னொரு கூட்டணியில். ஒரே டிக்கெட்டில் கலந்து போட வாய்ப்பு உண்டு, விலை எல்லா நேரமும் ஒத்துவராது. தேடிப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஜெட் லாக் எந்த வழியில் குறைவு என்று கேட்பார்கள். சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி வித்தியாசம். பகல் அப்படியே இரவாக மாறுகிறது, கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் உடம்புக்கு ஒன்றுதான். இறங்கும் நேரம் மட்டும் பாருங்கள்: மதியமோ மாலையோ இறங்கினால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு இரவு படுத்துவிடலாம், காலை ஏழு மணிக்கு இறங்கினால் அந்தப் பகல் முழுவதும் கண்ணைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாடு.

அப்பா அம்மாவை முதல் முறை தனியாக அனுப்புகிறவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: முட்டி, முதுகு, சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் ஃபிராங்க்ஃபர்ட் அல்லது லண்டன், மூன்று மணி நேர இடைவெளியோடு, வீல்சேர் பதிவு செய்து. தூரம் அதிகம்தான், ஆனால் உடம்பு தாங்கும். உடம்பு நன்றாக இருக்கிறது, மொழிதான் பயம் என்றால் டெல்லி அல்லது துபாய். இரண்டு இடத்திலும் வழி கேட்க நம் ஆட்கள் யாராவது கிடைப்பார்கள். எந்த வழியானாலும் ஏர்பஸ் ஏ350 அல்லது போயிங் 787 விமானம் கிடைத்தால் எடுங்கள், அவற்றில் உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள், பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். வயதானவர்களுக்கு இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். வேலைக்குப் போகும் இளசுகள், கைப்பையோடு ஓடத் தெரிந்தவர்கள், ஹாங்காங் போங்கள். கைக்குழந்தை இருந்தால் பதினாறு மணி நேர விமானத்தை நினைத்தும் பார்க்காதீர்கள்.

விசா ஸ்டாம்பிங் விஷயம் ஒன்று பாக்கி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் லண்டனிலும் ஜெர்மனியிலும் வெளியே போகாமல் விமானம் மாறத் தனி விசா பொதுவாகத் தேவைப்படாது. எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருந்துகொண்டு, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டாம்ப் காலாவதியாகி, புதுப்பிக்க ஊருக்கு வருகிறவர்களுக்குத்தான் சிக்கல், அவர்களுக்கு ஐரோப்பிய வழியில் விதிகள் மாறும், சான் பிரான்சிஸ்கோ செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு வரும் பயணத்தை வளைகுடா, சிங்கப்பூர், ஹாங்காங், டெல்லி இந்த நாலில் ஒன்றில் போட்டுக்கொண்டால் அந்தக் கேள்வியே வராது.